சீட்டு வெடித்த பிறகு

மாசி கடந்து வெயில் ஏறியதும் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் இலவங்காய் இறங்கத் தொடங்கிவிடும். தேவாரம், கோம்பை, சிலமலை, ராசிங்காபுரம் என மலையடிவாரம் நெடுகிலும் உள்ள மரங்களிலிருந்து பறித்த காய்கள் களத்தில் காய்ந்து, ஓடு உடைபட்டு, விதை பிரிந்து, பஞ்சாகக் குடோனுக்குள் போகும். அங்கிருந்து மெத்தையும் தலையணையுமாக ஊர் ஊராகக் கிளம்பும். போடி என்றதும் வெளியூர்க்காரருக்கு ஏலக்காய் மணக்கும். பஞ்சு வியாபாரிக்கு இலவம்பஞ்சுதான் நினைவுக்கு வரும்.

இந்தப் பக்கத்துத் தீ என்றால் வெளியுலகம் குரங்கணியைத்தான் அறியும். 2018 மார்ச் 11 அன்று அந்த மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் தீயணைப்புப் பணியாளரின் வாழ்நாளைக் காட்டுத்தீயை விட அதிகம் அரிப்பது வேறு விதமான தீ. வைக்கோல் படப்பு, தோட்டத்து வீடு, மாட்டுக் கொட்டம், மர அறுவை மில், பஞ்சுக் குடோன் என்று பெயர் கூட வெளியே தெரியாமல் அணைந்துபோகும் தீக்கள் அவை. அவற்றில் பலவற்றின் தலைக்கு மேல் ஒரே பொருள் இருக்கும்: ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் சீட்டு. அந்தச் சீட்டு வெடித்த பிறகு என்ன நடக்கிறது, அதன் விளைவு எத்தனை ஆண்டு கழித்து வருகிறது, அப்போது நியாயம் கேட்க எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் இரண்டு இழைகளைப் பார்ப்போம்.

இலவம்பஞ்சின் ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே ஒன்றுமில்லாத நீண்ட குழாய் தெரியும். குறுக்களவு சுமார் 20 மைக்ரோமீட்டர். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் காற்று. வெளியே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அது தண்ணீரில் மூழ்குவதில்லை. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். பற்றிக்கொண்டால் நிற்காமல் ஓடுவதற்கு உள்ளிருக்கும் அந்தக் காற்றே காரணம். எரிபொருளும் காற்றும் ஒரே இழைக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

மேலே கூரையில் இருப்பதும் இழைதான், அதுவும் குழாய்தான். கிரைசோடைல் என்கிற வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். இது மண்ணுக்கடியில் விளைந்த கனிமம். மக்னீசியம் அடுக்கும் சிலிக்கா அடுக்கும் ஒட்டிப் பிறந்தவை. மக்னீசிய அடுக்கு கொஞ்சம் அகலம் கூடியது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த முடியாமல் தகடு முழுவதும் பாய் போலச் சுருண்டுகொள்கிறது. அப்படிச் சுருண்ட ஒற்றை நாரின் குறுக்களவு 20 முதல் 40 நானோமீட்டர். இலவம்பஞ்சு இழையை விடப் பல நூறு மடங்கு மெல்லியது. எரியாது, மக்காது, இழுத்தால் எளிதில் அறாது. இருபதாம் நூற்றாண்டு அதை அதிசயப் பொருளாகக் கொண்டாடியது. தீயணைப்பு வீரர்களுக்கே ஆஸ்பெஸ்டாஸ் கையுறையும் முழு உடுப்பும் தைத்துக் கொடுத்த நாடுகள் உண்டு.

1900-ஐ ஒட்டி ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் இந்த நாரைச் சிமெண்ட் கூழில் கலந்து மெல்லிய தகடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று நம் ஊரில் விற்கும் நெளிசீட்டிலும் ஏறத்தாழ அதே முறைதான். எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான் நார். மற்றதெல்லாம் சிமெண்டும் சாம்பலும். ஓட்டை விட மலிவு, தகரத்தை விடச் சூடு குறைவு, கீற்றைப் போலத் தீப்பிடிக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் போன பிறகு தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை இறக்கச் சொன்னது அரசு. எரியாத கூரை வேண்டும் என்ற அந்தத் தவிப்பு நியாயமானது. எரியாது என்பதாலேயே ஒரு பொருளைப் பாதுகாப்பானது என்று நம்பிவிட்டதில்தான் சிக்கல்.

இப்போது ஒரு வழக்கமான அழைப்பை எடுத்துக்கொள்வோம். தேவாரத்தை ஒட்டிய ஒரு பஞ்சுக் குடோன். மோட்டாரிலிருந்து பறந்த பொறி பஞ்சில் விழுந்திருக்கிறது. வண்டி வந்து சேரும்போதே உள்ளே கொழுந்துவிட்டு எரிகிறது. கூரையிலிருந்து படார் படார் என்று சத்தம் கேட்கும். வேடிக்கை பார்க்க நிற்பவர்கள் சிலிண்டர் வெடிக்கிறது என்பார்கள். வெடிப்பது சீட்டு. சிமெண்டின் நுண்துளைகளில் எப்போதும் கொஞ்சம் நீர் இருக்கும். அடிப்பக்கம் திடீரென்று சூடேறும்போது அந்த நீர் ஆவியாகிறது. வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடுகிறது. சீட்டு சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது. மேலே குழாய்த் தண்ணீர் பட்டால் குளிர்ந்த பக்கமும் கொதிக்கும் பக்கமும் ஒன்றையொன்று இழுத்து இன்னும் விரிசல் விடுகிறது.

நெருப்பு அந்த நாரை அழித்துவிடாதா என்று கேட்கலாம். முழுமையாக வெந்தால் அழிக்கும். 600 டிகிரியைத் தாண்டினால் கிரைசோடைல் தன் அமைப்புக்குள் இருக்கும் நீரை இழக்கிறது. 800-க்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் நார் வடிவமே குலைந்து வேறொரு கனிமமாக மாறிவிடும். ஆனால் சீட்டு அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. சில நூறு டிகிரியிலேயே வெடித்து, கீழே விழுந்து, நனைந்து, பஞ்சோடு பஞ்சாகக் கலந்துவிடுகிறது. நாரில் ஒரு பகுதி சேதமில்லாமலே கிடக்கும்.

கொழுந்து அணைந்ததும் ஊர்க்காரர்கள் வேலை முடிந்தது என்று கலைந்து போவார்கள். வீரர்களுக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. இலவம்பஞ்சு மேலே கரியாகி அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். விட்டுவிட்டுப் போனால் நடுராத்திரி மறுபடி பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு பொதியையும் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் கிளறிப் பிரித்து நனைக்க வேண்டும். “அண்ணே, இந்த மூலையில இன்னும் பொகையுது” என்று சுமைதூக்கும் தம்பி ஒருவன் கை காட்டுவான். “தள்ளி நில்லுப்பா, சீட்டு தலையில விழுந்துரும்” என்பார் முன்னால் நிற்கிறவர். தலையில் விழும் சீட்டைப் பற்றி எல்லாருக்கும் பயம் உண்டு. காலடியில் மிதிபட்டு நொறுங்கும் சீட்டைப் பற்றி அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை.

முதுகில் சுமக்கும் மூச்சுக் கருவியின் சிலிண்டர் அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம் தாங்கும். பஞ்சைக் கிளறும் வேலை பல மணி நேரம். புகை குறைந்ததும் முகமூடி கழன்றுவிடும், கைக்குட்டைதான் மூக்கில். தீயணைப்புப் பணியில் புகை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் மட்டுமல்ல, புகை அடங்கி இடிபாடு கிளறும் நேரத்திலும் நுரையீரலுக்கு ஆபத்து உண்டு. இலவம்பஞ்சு அந்த நேரத்தை நீட்டித்துக் கொடுக்கிறது.

உள்ளே போன நார் என்ன செய்கிறது?

மூக்கு மயிரும் மூச்சுக்குழாயின் சளியும் பெரிய தூசைப் பிடித்துவிடும். 3 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனும் 5 மைக்ரோமீட்டருக்கும் கூடிய நீளமும் உள்ள நார், காற்றின் போக்கில் நெடுக்காகத் திரும்பிக்கொண்டு நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடுகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கணுக்கள் எந்த அந்நியப் பொருளையும் விழுங்கிக் கரைப்பவை. இந்த நார் சில சமயம் அந்த அணுவை விட நீளமானது. பாதி விழுங்கி மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அணு தன் கரைப்பான்களையும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் சுற்றிலும் கொட்டிவிட்டுச் செத்துப்போகிறது. அடுத்த அணு வருகிறது. அதற்கும் அதே கதி. ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த அழற்சியால் நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். நார்களில் சில நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்கு நகர்ந்து அங்கே உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கும்போது வருவது மீசோதீலியோமா என்னும் உறைப் புற்று. நுரையீரல் புற்றுநோயும் வரலாம். ஆஸ்பெஸ்டாஸும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் ஆபத்து வெறும் கூட்டலாகக் கூடுவதில்லை, பெருக்கலாகப் பெருகுகிறது என்று அமெரிக்காவின் இர்விங் செலிகாஃப்பும் கைலர் ஹாமண்டும் 1979-இல் காட்டினார்கள். மீசோதீலியோமாவுக்குப் புகைப்பழக்கத்தோடு தொடர்பே இல்லை. பீடி தொடாதவருக்கும் வரும்.

இந்த நோயின் மிகக் கொடுமையான குணம் அதன் பொறுமை. ஆஸ்பெஸ்டோசிஸ் தலைகாட்டப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு. மீசோதீலியோமாவுக்கு 20 முதல் 50 ஆண்டு. இருபத்தைந்து வயதில் கிளறிய குடோன் அறுபது வயதில் மூச்சை அடைக்கலாம்.

இதையெல்லாம் உலகம் இன்று நேற்று அறிந்ததல்ல. இங்கிலாந்தின் ராச்டேலில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-இல் 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலை ஆராய்ந்த குக் என்ற மருத்துவர் அதே ஆண்டு அதை மருத்துவ இதழில் எழுதினார். நிறுவனம் நோயை ஒப்புக்கொள்ளவில்லை, இழப்பீடும் தரவில்லை, தந்தால் அதுவே முன்னுதாரணமாகிவிடும் என்று அஞ்சியது. பின்னாளில் அந்த டர்னர் குழுமத்தின் கை கோயம்புத்தூர் போத்தனூர் சீட்டுத் தொழிற்சாலை வரை நீண்டது. 1960-இல் தென்னாப்பிரிக்காவின் வாக்னரும் கூட்டாளிகளும் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியில் 33 மீசோதீலியோமா நோயாளிகளைக் கண்டு எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள். 1965-இல் லண்டனில் 76 நோயாளிகளை ஆராய்ந்த நியூஹவுஸும் தாம்சனும் இன்னொன்றைச் சொன்னார்கள்: வேலையிலிருந்து வந்தவரின் உடுப்பைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் இந்நோய் வந்திருந்தது. காக்கிச் சட்டையை வீட்டுக் கிணற்றடியில் உதறித் துவைக்கும் குடும்பங்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் பலர் சீட்டு வீட்டில்தான் இருப்பீர்கள். பதற வேண்டாம். முழுதாக இருக்கும் சீட்டில் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதை அறுக்காமல், துளையிடாமல், கம்பித் தூரிகையால் தேய்க்காமல், காய்ந்த நிலையில் உடைக்காமல் இருந்தாலே ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடும். சீட்டுக் கூரைகள் எரிந்த பெருந்தீக்களைப் பற்றிய பிரிட்டிஷ் பொதுச் சுகாதார ஆய்வும், சுற்றியிருக்கும் மக்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றே சொல்கிறது, இடிபாட்டை ஒழுங்காக அகற்றினால். தீயணைப்பு வீரர் அந்தச் சுற்றியிருக்கும் மக்களில் ஒருவர் அல்லர். அவர் நடுவில் நிற்கிறார், கிளறுகிறார், ஒரு முறை அல்ல, முப்பது ஆண்டு.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களின் ஏறத்தாழ 30,000 தீயணைப்பு வீரர்களை 1950 முதல் 2009 வரை பின்தொடர்ந்த அரசு ஆய்வு ஒன்று உண்டு. பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களிடம் மீசோதீலியோமா இரண்டு மடங்கு இருந்தது. 2022 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை லியோன் நகரில் கூடி, தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணியாக அறிவித்தது. எந்தெந்தப் புற்றுகளுக்கு ஆதாரம் போதுமானது என்று சொன்னபோது முதலில் வந்த பெயர் மீசோதீலியோமா. அடுத்தது சிறுநீர்ப்பைப் புற்று. புகையிலை, மது, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் இருக்கும் அதே பட்டியலில் ஒரு வேலை இடம்பெற்றிருக்கிறது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் நோயாளி ஒருவர், தனக்கு இந்த நோய் தன் வேலையால் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? எந்தத் தீயில், எந்தச் சீட்டில் இருந்த எந்த நார் என்று மனிதரால் சொல்ல முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கச் சில நாடுகள் நிரூபிக்கும் பாரத்தையே திருப்பிப் போட்டன. குறிப்பிட்ட ஆண்டுகள் தீயணைப்புப் பணி செய்தவருக்குக் குறிப்பிட்ட புற்று வந்தால், அது வேலையால் வந்ததென்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. கனடாவின் மானிடோபா மாகாணம் 2002-இல் சில புற்றுகளுக்கு இப்படிச் சட்டம் செய்தது. ஆஸ்திரேலியா 2011-இல் செய்தது. அமெரிக்கா 2022 டிசம்பரில் தன் மத்திய அரசுத் தீயணைப்பு வீரர்களுக்குச் செய்தபோது மீசோதீலியோமாவைப் பெயர் சொல்லியே சேர்த்தது.

அதற்கு முன்பே நியூயார்க் அமெரிக்கர்களுக்குப் பாடம் கற்பித்திருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் 343 தீயணைப்புப் பணியாளர்கள் இறந்தார்கள். வடக்குக் கோபுரத்தின் கீழ் மாடிகளில், சுமார் 40-ஆம் மாடி வரை, இரும்புச் சட்டங்களின் மேல் தீத்தடுப்புக்காக ஆஸ்பெஸ்டாஸ் தெளித்திருந்தார்கள். அந்தத் தூசோடு கண்ணாடி, சிமெண்ட், இன்னும் பலவும் கலந்த இடிபாட்டை மாதக்கணக்கில் கிளறியவர்கள் பின்னர் நோயுற்றார்கள். அப்படி நோயால் இறந்த தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் 343-ஐத் தொட்டது. 2011 ஜனவரி 2 அன்று கையெழுத்தான சாட்ரோகா சட்டம் இவர்களுக்கு மருத்துவமும் இழப்பீடும் தருகிறது. அந்தத் திட்டத்தில் ஒரு விதி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. மீசோதீலியோமாவுக்கு உதவி பெற, தூசு பட்ட நாளிலிருந்து குறைந்தது 11 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். நோய் அதற்கு முன் வந்தால் காரணம் வேறாக இருக்கும் என்பது அறிவியல். சட்டம் நோயின் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது.

நம் சட்டம் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது?

1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தீயணைப்புப் படையின் பணி இருந்தது. தொழில்நோய்களின் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதவு திறந்தே இருப்பதாகத் தோன்றும். ஆனால் வேலையை விட்ட பிறகு நோய் வந்தால், விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் வேலையால் வந்த நோய் என்று சட்டம் தானாக எடுத்துக்கொள்ளும். கோரிக்கையைத் தாக்கல் செய்யவும் இரண்டு ஆண்டுக் கெடு; தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம். 20 முதல் 50 ஆண்டு வரை பதுங்கியிருக்கும் நோய்க்கு இரண்டு ஆண்டு வாசல். அறுபதில் ஓய்வுபெற்று அறுபத்தெட்டில் மூச்சு வாங்கத் தொடங்கியவர் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்பார். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. தொகுப்பு புதிது, இந்தக் கேள்வி பழையது. மாநில அரசின் தீயணைப்பு வீரர்களுக்குப் பணியில் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் தனி ஓய்வூதிய விதிகள் உண்டு என்பது உண்மைதான். ஏணியிலிருந்து விழுந்தால் அன்றே தெரியும், அறிக்கையில் ஏறும். நார் விழுந்தது எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

உச்ச நீதிமன்றம் இதை வேறு விதமாகப் பார்த்தது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று வந்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோயுற்றவர் என்று தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் சான்றளித்தவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடும் விதித்தது. 40 ஆண்டுகள் என்ற எண்ணில் நோயின் கடிகாரத்தைப் புரிந்துகொண்ட நீதிபதிகளைப் பார்க்கிறேன். அந்த ஆணை சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஆனது. ஆலையில் செய்த சீட்டு எந்தக் கூரையில் ஏறுகிறதோ, அந்தக் கூரை எரியும்போது அதைக் கிளறுபவரை அது எட்டவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் ஆஸ்பெஸ்டோசிஸ் கண்டால் அரசுக்கு அறிவிப்பது கட்டாயமாக இருந்தது. தீயணைப்பு நிலையம் தொழிற்சாலை அல்ல.

இதற்கிடையில் நார் வந்துகொண்டேதான் இருக்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. ஐஸ்லாந்து 1983-இலேயே தொடங்கியது. பிரிட்டன் 1999, ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2005, கனடா 2018. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் கிரைசோடைலுக்குத் தடை அறிவித்தது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்துக்கு உரிமம் இல்லை. இறக்குமதிக்கு மட்டும் தடையில்லை. பல ஆண்டுகளில் 3 லட்சம் டன்னுக்கு மேல் வந்து இறங்குகிறது. நம் மண்ணில் தோண்டக்கூடாத பொருளை இன்னொரு மண்ணிலிருந்து வாங்கி நம் தலைக்கு மேல் போட்டுக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை. இதைத் தடை செய்ய வேண்டும் என்பதே என் தீர்மானமான கருத்து. நாளையே தடை வந்தாலும், இதுவரை ஏறிவிட்ட கூரைகள் இன்னும் பல பத்தாண்டுகள் எரியவும் இடியவும் செய்யும். கிளறுபவர்கள் கிளறிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே நோய் வரும் நாளில் கையில் என்ன இருக்கும் என்பதை இன்றே யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதல் கண்ணி மருத்துவர். இங்கே இருமலோடு மூச்சிரைக்க வரும் பெரியவரின் நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிந்தால் முதலில் காசநோய் என்றே நினைப்பார்கள். அந்தச் சந்தேகம் சரியானதுதான், சோதிக்கத்தான் வேண்டும். சளியில் கிருமி இல்லை, மருந்துக்கும் மசியவில்லை என்றால் அடுத்த கேள்வி வர வேண்டும். “ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?” “பயர் சர்வீஸ்ல இருந்தேன் டாக்டர், ரிட்டயர் ஆகி எட்டு வருசம் ஆச்சு.” நோயாளியின் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலியின் ராமசினி 1700-இலேயே மருத்துவர்களுக்கு எழுதிவைத்தார். அந்தப் பதில் நோயாளிச் சீட்டில் ஏற வேண்டும். நெஞ்சின் சிடி ஸ்கேனில் நுரையீரல் உறையில் சுண்ணம் படிந்த தடிப்புகள் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் பட்டதன் நல்ல அடையாளம். மீசோதீலியோமாவை உறுதிசெய்யத் திசு எடுத்துச் சிறப்புச் சாயச் சோதனை செய்ய வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் எந்த இழப்பீட்டுக் கோரிக்கையும் நிற்காது. 1997-இல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல் நமக்கும் உதவும்: மீசோதீலியோமாவுக்குக் குறுகிய கால அல்லது குறைந்த அளவுத் தொடர்பே போதும், பட்டதற்கும் நோய்க்கும் இடையில் குறைந்தது 10 ஆண்டு இருந்தால்.

அந்தத் தொடர்பைக் காட்டுவது எது? இங்கேதான் தீ அறிக்கை வருகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் நிலையத்தில் அறிக்கை எழுதுகிறார்கள். குடோன் உரிமையாளர் அதை வாங்கிக்கொண்டு போய்க் காப்பீட்டு நிறுவனத்திடம் பஞ்சுக்கு நஷ்ட ஈடு கேட்கிறார். எவ்வளவு பஞ்சு, என்ன மதிப்பு, எப்படிப் பிடித்தது என்று அதில் இருக்கும். பஞ்சுக்கு ஈடு வாங்கித் தரும் அதே தாள், முப்பது ஆண்டு கழித்து அதை அணைத்தவரின் நுரையீரலுக்கும் ஈடு வாங்கித் தர முடியும். அதற்கு அதில் கூரை என்னவென்று எழுதியிருக்க வேண்டும்; அது உடைந்ததா, இடிபாட்டை எத்தனை மணி நேரம் யார் யார் கிளறினார்கள் என்று இருக்க வேண்டும். இன்றிருக்கும் நிலையில் ஓய்வுபெற்றவர்கள் தாங்கள் போன பழைய அழைப்புகளின் அறிக்கை நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வைக்கலாம். பதிவேடுகள் கழிக்கப்படுவதற்கு முன் கேட்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவல்ல. கிளறும் நேரத்துக்கு நுண்தூசு வடிகட்டும் முகமூடி, சீட்டுத் துண்டுகளை நனைத்தே அள்ளும் வழக்கம், உடுப்பை நிலையத்திலேயே துவைக்கும் வசதி, பணியிலும் ஓய்விலும் நெஞ்சுப் பரிசோதனை, 40 ஆண்டு காக்கும் உடல்நலப் பதிவு. ராஜஸ்தான் 2019-இல் தூசு நோயாளிகளுக்கென்றே தனிக் கொள்கை வகுத்து, சான்று பெற்றவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. கல்லுடைக்கும் தொழிலாளிகளுக்காக அங்கே முடிந்தது, தீயணைப்பவர்களுக்காகத் தமிழ்நாட்டில் முடியும். ஓய்வுக்குப் பின் இரண்டு ஆண்டு என்ற வாசலை ஆஸ்பெஸ்டாஸ் நோய்களுக்கு மட்டுமாவது நீக்கி, பணிக்காலத்தைக் காட்டினாலே நோய் வேலையால் வந்தது என்று ஏற்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அழைப்புக்குப் போய்வந்து அறிக்கை எழுத உட்காரும் தீயணைப்பு வீரரே, “கூரை: ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் சீட்டு, வெடித்து உடைந்தது, இடிபாடு கிளறிய நேரம் இவ்வளவு, கிளறியவர்கள் இன்னார்” என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். தேதி போட்டு உங்கள் சொந்த நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.